பாண்டிங் இயங்குவதாகக் காட்டுகிறது, ஆனால் ஒரே கேபிளின் வேகந்தான் கிடைக்கிறது

மஞ்சக்குப்பம் அச்சகம்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு சிறிய அச்சகத்தில் வடிவமைப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். வேறு ஆள் இல்லாததால் கணினிப் பராமரிப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது. எங்களிடம் உபுண்டு 22.04 நிறுவப்பட்ட ஒரு ஃபைல் சர்வர் உள்ளது. அதில் நான்கு கிகாபிட் நெட்வொர்க் போர்ட்கள் இருந்தும், சென்ற மாதம் வரை ஒன்றை மட்டுமே பயன்படுத்தி வந்தோம். முகூர்த்த மாதங்களில் பத்திரிகை, பேனர், ஆல்பம் ஆகியவற்றின் கோப்புகளை 11 கணினிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும்போது சர்வர் திணறியதால், முதல் இரண்டு போர்ட்களையும் பாண்டிங் முறையில், அதாவது பல போர்ட்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறையில், இணைத்தேன். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதும் நெட்பிளான் கோப்பில் 802.3ஏடி முறையைக் குறிப்பிட்டு, ஸ்விட்சில் அந்த இரண்டு போர்ட்களையும் எல்ஏசிபி (அந்த முறையில் சர்வரும் ஸ்விட்சும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) குழுவாகவும் அமைத்துவிட்டேன்.

பாண்ட்0 என்ற இணைப்பு இயங்குவதாகவே சர்வர் காட்டுகிறது. ஆனால் நான்கு பேர் சேர்ந்து பெரிய கோப்புகளை எடுத்தாலும், மொத்த வேகம் நொடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. பாண்டிங் செய்வதற்கு முன்பும் இதே வேகம்தான் கிடைத்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று நேற்று மாலை முதல் கேபிளைக் கழற்றினேன். இணைப்பு அறுந்துபோகவில்லை. சில நொடிகள் தயங்கிவிட்டு மீண்டும் ஓடத் தொடங்கியது, ஆனால் வேகம் 11 மெகாபைட்டுக்கு இறங்கிவிட்டது. கேபிளைத் திரும்பச் செருகியதும் பழைய நிலைக்கு வந்தது. இதைத் தவிர, சில நேரங்களில் சர்வர் இரண்டு வெவ்வேறு ஐபி முகவரிகளில் தென்படுகிறது. அந்த இரண்டாவது முகவரியை நான் கொடுக்கவில்லை.

நான் தேர்ந்தெடுத்த முறை தவறா? மீதமுள்ள இரண்டு போர்ட்களையும் சேர்த்து நான்காக்கினால் நிலைமை சரியாகுமா?

லாசுப்பேட்டை

வணக்கம். உங்கள் கேள்விக்குள்ளேயே விடையும் இருக்கிறது. 11 மெகாபைட் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த எண்தான் அது. ஒரு கிகாபிட் இணைப்பு நொடிக்கு 1000 மெகாபிட் கடத்தும். எட்டால் வகுத்து, பேக்கெட்கள் எனும் தரவுத் துண்டுகளின் தலைப்புப் பகுதிக்கான செலவைக் கழித்தால், கோப்பு நகலெடுக்கும்போது கையில் கிடைப்பது ஏறத்தாழ 110 முதல் 118 மெகாபைட் வரை இருக்கும். இதே கணக்கை 100 மெகாபிட் இணைப்புக்குப் போட்டால் 11, 12 என்று வரும். ஆகவே உங்கள் இரண்டாவது இணைப்பு கிகாபிட்டாக எழவில்லை, பழைய 100 மெகாபிட் வேகத்தில்தான் ஓடுகிறது என்று சந்தேகிக்கிறேன்.

அப்படியென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் புரிந்துவிடும். எல்ஏசிபி ஒரே வேகமுள்ள, முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் கடத்தும்) இணைப்புகளை மட்டுமே ஒரு குழுவாகச் சேர்க்கும். காளையோடு கன்றுக்குட்டியை ஒரே நுகத்தில் பூட்டாத வண்டிக்காரரைப் போல, வேகம் குறைந்த போர்ட்டை அது தனிக் குழுவாக ஒதுக்கி வைத்துவிட்டு, வேகமான குழுவை மட்டும் ஓட்டும். வேகமான குழுவில் ஒரு போர்ட்கூட மிஞ்சாதபோதுதான் ஒதுக்கப்பட்ட குழு பணிக்கு வரும். நேற்று மாலை உங்கள் அலுவலகத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பாண்ட்0 இயங்குகிறது என்ற ஒற்றை வரியை வைத்து, இரண்டு கேபிள்களும் அதற்குள் உழைக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது, ப்ராக் அடைவுக்குள் நெட், அதற்குள் பாண்டிங் என்ற அடைவில் உள்ள பாண்ட்0 கோப்பைப் படித்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் குழுவின் அடையாளமான அக்ரிகேட்டர் ஐடி என்ன எண்ணைக் காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் இருந்தால்தான் அவை ஒரே குழு. அதே கோப்பில் பார்ட்னர் மேக் முகவரி, அதாவது எதிர்முனையின் வன்பொருள் முகவரி, முழுவதும் பூஜ்ஜியமாக இருந்தால், ஸ்விட்ச் எல்ஏசிபி பேசவே இல்லை என்று பொருள். இரண்டாவது, போர்ட்டின் நிலையைக் காட்டும் எத்டூல் கட்டளையில் ஒவ்வொரு போர்ட்டின் வேகத்தையும் பாருங்கள். மூன்றாவது, நெட்பிளான் அடைவில் எத்தனை யாமல் (அமைப்பு) கோப்புகள் உள்ளன என்று பாருங்கள். அங்கே இருக்கும் எல்லாக் கோப்புகளையும் பெயர் வரிசைப்படி படித்து ஒன்றாகக் கலப்பது நெட்பிளானின் வழக்கம் என்பதால், நீங்கள் மறந்துவிட்ட ஒரு பழைய கோப்பும் இன்னும் அதிகாரம் செலுத்திக்கொண்டிருக்கலாம்.

மஞ்சக்குப்பம் அச்சகம்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஈஎன்ஓ1 போர்ட்டின் அக்ரிகேட்டர் ஐடி 1, ஈஎன்ஓ2 போர்ட்டின் ஐடி 2. செயலில் உள்ள குழுவில் போர்ட்களின் எண்ணிக்கை 1 என்று காட்டுகிறது. இத்தனை நாளும் அந்த வரியைப் பார்த்தும் பொருள் புரியாமல் கடந்து போயிருக்கிறேன். பார்ட்னர் மேக் முகவரி இரண்டிலும் சரியாக உள்ளது. எத்டூலில் ஈஎன்ஓ2 போர்ட்டின் வேகம் 100 என்றே வருகிறது.

நெட்பிளான் அடைவில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று நான் எழுதியது, மற்றொன்று உபுண்டுவை நிறுவும்போது உருவானது. அந்தப் பழைய கோப்பில் ஈஎன்ஓ1 போர்ட்டுக்கு டிஎச்சிபி வழியாகத் தானாக முகவரி பெறச் சொல்லியிருக்கிறது. இரண்டாவது ஐபி முகவரி இங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கோப்பை நீக்கிவிடலாமா?

நெல்லிக்குப்பம்

நண்பரே, இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டியதில்லை. எல்ஏசிபியை விட்டுவிட்டு முறை 0, அதாவது பேலன்ஸ்-ஆர்ஆர் வைத்துப் பாருங்கள். பேக்கெட்களை முதல் கேபிளில் ஒன்று, இரண்டாவது கேபிளில் ஒன்று என்று மாற்றி மாற்றி அனுப்புவதால், ஒரே ஒரு கோப்பை நகலெடுத்தாலும் இரண்டு கேபிள்களின் வேகமும் சேர்ந்து கிடைக்கும். நான் இரண்டு சர்வர்களை இப்படி இணைத்து, காப்புப் பிரதி எடுக்கும் நேரத்தை நன்றாகக் குறைத்திருக்கிறேன். அது ஒத்துவரவில்லையென்றால், சுமையைச் சர்வரே பங்கிடும் முறை 6 இருக்கிறது. ஸ்விட்சில் எதையுமே மாற்ற வேண்டாம்.

உப்பளம்

நெல்லிக்குப்பம் நண்பர் சொல்வது அவருடைய இடத்தில் சரிதான். லினக்ஸ் பாண்டிங் முறைகளில் ஒரே டிசிபி தொடர்பை (இரு கணினிகளுக்கு இடையேயான ஒரு தரவுப் பரிமாற்றத்தை) ஒன்றுக்கு மேற்பட்ட போர்ட்களில் பிரித்து அனுப்புவது பேலன்ஸ்-ஆர்ஆர் மட்டுமே. இரண்டு சர்வர்களையும் நேரடியாகக் கேபிளால் இணைத்திருந்தால் அதன் பயனை முழுவதும் பெறலாம். ஆனால் நடுவில் ஸ்விட்ச் வந்தவுடன் கதை மாறிவிடுகிறது. மாற்றி மாற்றி அனுப்பப்பட்ட பேக்கெட்கள் வரிசை தப்பி வந்து சேரும்போது, ஏதோ தொலைந்துவிட்டதாகக் கருதி டிசிபி மறுபடி அனுப்பத் தொடங்கும். ஸ்விட்சிலும் போர்ட்களைக் குழுவாக அமைக்காமல் விட்டால், ஒரே மேக் முகவரி இந்தப் போர்ட்டிலும் அந்தப் போர்ட்டிலும் மாறி மாறித் தோன்றி ஸ்விட்சைக் குழப்பும். நெட்பிளான் கோப்பில் முறையைக் குறிப்பிட மறந்துவிட்டால் தானாக வந்து உட்காருவதும் இதே பேலன்ஸ்-ஆர்ஆர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்று தேர்ந்தெடுத்தவர்களைவிட, தெரியாமலே இதில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முறை 6 இவருக்கு உதவாது. சர்வருக்கு வந்து சேரும் சுமையை அது அதிக வேகமுள்ள போர்ட்களுக்குள் மட்டுமே பங்கிடும். 100 மெகாபிட்டில் நொண்டும் போர்ட் அங்கேயும் ஒதுக்கப்பட்டுவிடும். முறை எதுவானாலும் முதலில் அந்தக் கேபிளுக்கு வைத்தியம் பார்த்தாக வேண்டும்.

கிகாபிட் ஈத்தர்நெட் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் பழுதின்றி இருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். வேகத்தைப் பற்றிய பேச்சுவார்த்தையும் 1, 2, 3, 6 ஆகிய முனைகளில் உள்ள அந்த இரண்டு ஜோடிகளில்தான் நடக்கிறது. மற்ற இரண்டு ஜோடிகளில் ஒன்று பழுதானால், இருபுறமும் கிகாபிட் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு இணைப்பை எழுப்ப முடியாமல் தோற்று, கடைசியில் பல நெட்வொர்க் அட்டைகள் தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். பச்சை விளக்கும் எரியும், பிங்கும் போகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஏன் பழுதானது என்பதற்கு நம் ஊர்க் காற்றைவிட வேறு காரணம் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் புதுச்சேரி உப்பளத்தில் இருக்கிறேன், பெயரிலேயே உப்பை வைத்திருக்கும் ஊர். கடற்கரையை ஒட்டிய இடங்களில் உப்பு ஈரம் கனெக்டரின் தொடுமுனைகளில் படிந்து, தங்கப் பூச்சு மெல்லியதாக இருந்தால் ஓரிரு மழைக்காலங்களிலேயே பச்சை பூத்துவிடுகிறது. மஞ்சக்குப்பமும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வெகு தொலைவில் இல்லை. ஸ்விட்ச் வைத்திருக்கும் அலமாரி சன்னலுக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டரைத் துடைத்துவிட்டு மறுபடி செருகினால் சில நாள்களுக்குச் சரியாகும், பிறகு மழை நாளில் திரும்ப வரும். ஆகவே துடைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். புதிய கேபிள் வாங்கும்போது, அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசிய மலிவான வகையைத் தவிர்த்து, முழுச் செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்தாலே எடையில் வித்தியாசம் தெரியும்.

பழுது கேபிளில்தான் இருக்கிறது, போர்ட்டில் இல்லை என்று உறுதிசெய்ய, இரண்டு கேபிள்களையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். 100 என்ற வேகம் கேபிளோடு சேர்ந்து நகர்ந்தால் கேபிள் குற்றவாளி. அதே போர்ட்டில் நின்றுவிட்டால் சர்வரிலோ ஸ்விட்சிலோ உள்ள துளையைச் சந்தேகிக்க வேண்டும். சர்வரின் பின்புறத்தில் எந்தத் துளை ஈஎன்ஓ2 என்று தெரியவில்லையென்றால், எத்டூல் கட்டளையில் சிறிய பி விருப்பத்தோடு அந்தப் பெயரைக் கொடுங்கள், விளக்கு சிமிட்டிக் காட்டும்.

பழைய நெட்பிளான் கோப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பாண்டில் சேர்ந்த போர்ட்டுக்குத் தனியாக எந்த முகவரியும் இருக்கக் கூடாது. முகவரி, கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் பாண்ட்0 பெயரில் மட்டுமே இருக்க வேண்டும். ஆகவே அந்தக் கோப்பை வேறு அடைவுக்கு நகர்த்திவிடுங்கள். கேபிள் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எம்ஐஐ கண்காணிப்பு இடைவெளியை 100 மில்லி நொடி என்று உங்கள் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நெட்பிளானின் ஆவணத்தில் அதன் இயல்பு மதிப்பு பூஜ்ஜியம், அதாவது கேபிள் அறுந்தாலும் கவனிக்க வேண்டாம் என்று பொருள். 802.3ஏடி முறையில் லினக்ஸின் மையமான கர்னலே அதை 100 ஆக்கிக்கொள்ளும் என்றாலும், நாளை வேறு முறைக்கு மாறும்போது அந்த வரி உங்களைக் காப்பாற்றும்.

இந்த மாற்றங்களை உங்கள் மேசையிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்யாதீர்கள். நெட்பிளான் ட்ரை என்ற கட்டளை 120 நொடிக்குள் நாம் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில் பலர் துணிந்து இறங்குகிறார்கள். ஆனால் பாண்டுக்கான தனி அளவுருக்கள் எழுதப்பட்டிருக்கும்போது, திரும்பிச் செல்ல முடியாது என்று சொல்லி அது கையை விரித்துவிடும். மானிட்டரையும் விசைப்பலகையையும் சர்வருக்கு எடுத்துச் சென்று, எதிரில் உட்கார்ந்து செய்யுங்கள்.

மஞ்சக்குப்பம் அச்சகம்

இரண்டு நாள் தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும், ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில்தான் செய்ய முடிந்தது. கேபிள்களை இடம் மாற்றியதும் 100 என்ற வேகம் கேபிளோடு கூடவே வந்தது. ஸ்விட்ச் பக்கத்துக் கனெக்டரை வெளியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். எட்டுத் தொடுமுனைகளில் கடைசி இரண்டில் பச்சை படிந்திருந்தது. அலமாரி கிழக்குப் பக்கத்துச் சன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. கடல் காற்று வந்தால் ஸ்விட்ச் சூடாகாது என்று நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன்.

கேபிள்கள் இரண்டையும் மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு போர்ட்களிலும் அக்ரிகேட்டர் ஐடி 1, குழுவில் போர்ட்களின் எண்ணிக்கை 2. பழைய கோப்பை நகர்த்திய பிறகு இரண்டாவது முகவரியும் மறைந்துவிட்டது. வட்டின் வேகம் குறுக்கே வராமல் இருப்பதற்காக நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 கொண்டு சோதித்தேன். வெவ்வேறு கணினிகளிலிருந்து சேர்த்துப் பார்க்கும்போது, சர்வரிலிருந்து வெளியேறும் வேகம் 1800 மெகாபிட்டுக்கு மேல் வருகிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஆல்பம் பிரிவில் உள்ள இரண்டு குறிப்பிட்ட கணினிகள் சேர்ந்து கோப்பு எடுத்தால் மட்டும், இருவருக்கும் பாதிப் பாதி வேகந்தான் கிடைக்கிறது. அந்த நேரத்தில் மற்ற கேபிள் சும்மா இருக்கிறது. புதிய கேபிளிலும் பழுது இருக்குமா?

லாசுப்பேட்டை

பழுது இல்லை, அது அந்த இரண்டு கணினிகளின் மேக் முகவரிகள் செய்யும் வேலை. எந்தக் கேபிளில் எவருடைய தரவை அனுப்புவது என்பதைச் சர்வர் சுமையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ஒரு சிறிய ஹேஷ் கணக்கைப் போட்டு, வரும் விடைக்கேற்ப அனுப்பிவிடுகிறது. இயல்பாக அமையும் லேயர்2 கொள்கையில் அந்தக் கணக்கு அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் மேக் முகவரிகளை வைத்துப் போடப்படுகிறது. மேக் முகவரி மாறாதது என்பதால் விடையும் மாறாது. உங்கள் ஆல்பம் பிரிவின் இரண்டு கணினிகளுக்கும் ஒரே விடை அமைந்துவிட்டது. நாள் முழுவதும் கணக்குப் போட்டாலும் அவை ஒரே கேபிளில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகும்.

நெட்பிளான் கோப்பில் ட்ரான்ஸ்மிட் ஹேஷ் பாலிசி என்ற அளவுருவை லேயர்3+4 என்று மாற்றுங்கள். அப்போது ஐபி முகவரியோடு டிசிபி போர்ட் எண்ணும் கணக்கில் சேரும். கணினி ஒவ்வொரு முறை புதிதாக இணையும்போதும் அதன் போர்ட் எண் மாறும் என்பதால், மோதல் நிகழ்ந்தாலும் அது நிரந்தரமாக நீடிக்காது. துண்டாக்கப்பட்ட பேக்கெட்கள் வரும் இடங்களில் இது தரநிலைக்கு முழுமையாக இணங்கவில்லை என்று கர்னல் ஆவணமே எச்சரிக்கிறது, ஆனால் உங்களைப் போன்ற உள் நெட்வொர்க்கில் கோப்புப் பகிர்வுக்கு அதனால் இடையூறு வந்து நான் பார்த்ததில்லை. ஒரு கணினியின் ஒரு தொடர்பு ஒரு கேபிளின் வேகத்தைத் தாண்டாது என்ற வரம்பு மட்டும் எந்த ஹேஷ் வைத்தாலும் அப்படியே இருக்கும். இரண்டு கிகாபிட் கேபிள்களை ஓர் இரட்டை வழிச் சாலையாக நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் கூடுதலாகப் போகலாம், ஒரு வண்டி இரட்டிப்பு வேகத்தில் போக முடியாது.

இன்னொன்றும் உண்டு. சர்வரில் நீங்கள் மாற்றும் ஹேஷ், சர்வரிலிருந்து வெளியே போகும் தரவை மட்டுமே கட்டுப்படுத்தும். வடிவமைப்பாளர்கள் கோப்பைச் சேமிக்கும்போது சர்வரை நோக்கி வரும் தரவை எந்தக் கேபிளில் விடுவது என்று ஸ்விட்ச் தன் சொந்தக் கணக்கில் முடிவு செய்கிறது. ஸ்விட்ச் அமைப்பில் லிங்க் அக்ரிகேஷன் பகுதிக்குள் ஹேஷ் அல்லது லோட் பேலன்ஸ் என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். அது மேக் முகவரியில் இருந்தால், ஐபி முகவரியையோ, வசதி இருந்தால் போர்ட் எண்ணையும் சேர்த்தோ தேர்ந்தெடுங்கள்.

உப்பளம்

முதல் கேள்வியில் இருந்த நான்கு போர்ட் விஷயத்துக்கு யாரும் விடை சொல்லவில்லை. மூன்றாவதைச் சேர்க்கலாம். ஆனால் நான்காவதை வெளியே விட்டு, அதற்குத் தனி ஐபி கொடுத்து, நிர்வாகத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பாண்டில் கை வைக்கும் நாளில் சர்வருக்குள் நுழைய வேறு ஒரு வாசல் இருக்கும். உங்கள் சர்வரில் ஐபிஎம்ஐ போன்ற தொலைநிலை மேலாண்மை வசதி தனிப் போர்ட் இல்லாமல் முதல் நெட்வொர்க் போர்ட்டையே பகிர்ந்துகொள்ளும் வகையாக இருந்தால், அந்தப் போர்ட்டை எல்ஏசிபி குழுவில் வைப்பதும் வம்புதான். ஸ்விட்ச் அந்த மேலாண்மைப் பேக்கெட்களைக் குழுவின் வேறொரு கேபிளில் அனுப்பிவிட்டால் அவை போய்ச் சேராது.

என் சொந்தக் கருத்து என்னவென்றால், நான்கு ஒரு கிகாபிட் கேபிள்களைக் கட்டி இழுப்பதைவிட, ஸ்விட்சில் 10 கிகாபிட் துளை ஏற்கெனவே இருந்தால் சர்வருக்கு அதே வகை அட்டை ஒன்றைப் போட்டு ஒரே கேபிளில் முடித்துவிடுவது மேல். ஹேஷ் கணக்கும் இல்லை, அக்ரிகேட்டர் ஐடியும் இல்லை. அப்போது கிகாபிட் போர்ட் ஒன்றை ஆக்டிவ்-பேக்கப் (ஒன்று ஓட, மற்றது காத்திருக்கும்) முறையில் அதற்குத் துணையாக வைக்கலாம். அந்த முறையில் இரண்டு போர்ட்களின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 10 கிகாபிட் போர்ட்டை முதன்மையாகக் குறித்துவிட்டால் போதும்.

மஞ்சக்குப்பம் அச்சகம்

லேயர்3+4 மாற்றத்தை இன்று மதிய உணவு நேரத்தில் சர்வருக்கு எதிரிலேயே உட்கார்ந்து செய்தேன். ட்ரை கட்டளை நீங்கள் சொன்னதுபோலவே மறுத்துவிட்டதால், கோப்பை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அப்ளை கொடுத்தேன். ஆல்பம் பிரிவின் இரண்டு கணினிகளும் இப்போது ஆளுக்கொரு கேபிளில் போகின்றன. ஸ்விட்சில் மேக் என்றிருந்த தேர்வை ஐபி என்று மாற்றியிருக்கிறேன், போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதி இந்த மாதிரியில் இல்லை. ஸ்விட்சின் மறுமுனையில் 10 கிகாபிட் துளைகள் இரண்டு காலியாகவே இருக்கின்றன என்பதை இன்றுதான் கவனித்தேன். அட்டையின் விலையை விசாரித்துக்கொண்டு முதலாளியிடம் பேசப் போகிறேன். அலமாரியைச் சன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்ற நாளை தச்சர் வருகிறார்.